காகிதமா, ஃபிக்மாவா, கோடா: திரை வடிவமைப்பை எதை வைத்துச் சோதிப்பது?

ஒரு செயலியைக் கோடாக (code, அதாவது நிரலாக) எழுதுவதற்கு முன்பே, அதைப் பயன்படுத்தப்போகிறவர்கள் கையில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பதை எந்த டீமிலும் யாரும் மறுப்பதில்லை. எதைக் கொடுப்பது என்று வரும்போதுதான் வாக்குவாதம். ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த காகிதத் திரைகளா, ஃபிக்மா என்ற திரை வடிவமைப்பு மென்பொருளில் செய்த, தொட்டால் நகரும் மாதிரியா, பாதி ஓடும் நிஜக் கோடா? பெரும்பாலும் ‘எது சீக்கிரம் முடியும்’ என்ற கணக்கில் இதை முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. ஃபிக்மாவில் கை பழகிய டிசைனர், காகிதத்தில் வரைவதைவிட வேகமாகவே ஒரு திரையைப் போட்டுவிடுவார். பட்டன், பெட்டி எல்லாம் முன்பே செய்து அடுக்கி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கேட்க வேண்டியது வேறு: இந்த வாரம் நமக்குத் தெரியாமல் இருப்பது என்ன? அந்தப் பதில்தான் கருவியைத் தீர்மானிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, நடுத்தர மருத்துவமனை ஒன்றுக்கு டோக்கன் போடும் கைபேசிச் செயலியை எடுத்துக்கொள்வோம். பிரிவு, டாக்டர், தேதி, நேரம், நோயாளி விவரம், ஓடிபி, பணம், டோக்கன் எண் என்று எட்டுத் திரை. எல்லாரும் எங்கேயோ பார்த்த வகைதான். அதனாலேயே எளிது என்று ஏமாற்றும்.

காகிதத்தை நம்பலாமா?

பேனாக் கிறுக்கலை வைத்துக் கண்டுபிடிக்கும் பிரச்சினைகள் நிஜப் பிரச்சினைகள்தானா என்ற சந்தேகம் நியாயமானது. 1996-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஜிடிஇயின் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் விர்ஸியும் உடனிருந்தவர்களும் இதை நேராகவே சோதித்தார்கள். ஒரு மின்னணுப் புத்தகம், ஒரு தொலைபேசிக் குரல்வழிச் சேவை ஆகிய இரண்டையும் எளிய மாதிரியாகவும் நிஜத்துக்கு நெருக்கமான மாதிரியாகவும் கொடுத்துப் பார்த்தபோது, இரண்டிலும் ஏறக்குறைய ஒரே பிரச்சினைகள்தான் வெளிவந்தன. 2003-இல் ரைன்ஹார்ட் செஃபெலின் குழு காகித மாதிரியையும் கணினியில் காட்டிய எளிய மாதிரியையும் ஒப்பிட்டது. ஆட்கள் சொன்ன விமர்சனங்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், எது பிடித்தது என்று கேட்டபோது கணினியையே கை காட்டினார்கள். காகிதத்தின் மேல் ஆட்களுக்குப் பெரிய மோகம் கிடையாது. வேலை நடந்துவிடுகிறது, அவ்வளவே.

இந்த முடிவுகளை எல்லாவற்றுக்கும் நீட்டக் கூடாது. ‘இந்தச் சொல் புரிகிறதா, அடுத்து எங்கே போக வேண்டும், இங்கே என்ன குறைகிறது’ போன்ற கேள்விகளுக்குக் காகிதம் போதும். விரலின் வேகம், நெட்வொர்க் தாமதம், அசைவு இவற்றைப் பற்றிக் காகிதம் சொல்லும் எதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

காகித மாதிரி: அளவும் பொருளும்

6.5 அங்குலக் கைபேசியின் திரை ஏறக்குறைய 6.8 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். அதே அளவில் கையால் எழுதினால் எழுத்து நெரிந்துபோகும். எதிரே உட்கார்ந்து குறிப்பெடுப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஏ4 தாளைப் படுக்க வைத்து மூன்று சம பட்டைகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் 9.9 × 21 செ.மீ. வரும். கைபேசித் திரையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, உருவமும் கிட்டத்தட்ட அதே. இதைவிட வசதியான அளவு கிடையாது. ஒரு தாளில் மூன்று திரை.

இந்த அளவில், ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 48 டிபி (திரையில் அளக்க ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் அலகு) தொடுபரப்பு சுமார் 12 மி.மீ. வரும். பட்டன்களை அதைவிடச் சிறிதாக வரையாதீர்கள். கையில் ஸ்கேல் இல்லாமல் வரையத் தொடங்கினால், 6 மி.மீ. உயரத்தில் ஏழு பட்டன்களைத் திணித்துவிட்டு, ‘எல்லாம் ஒரே திரையில் அடங்கிவிட்டது’ என்று சந்தோஷப்படுவோம். நிஜத் திரையில் அடங்காது.

தமிழ் இடைமுகத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. கையெழுத்து இடத்துக்குத் தக்கபடி ஒடுங்கிக்கொள்ளும், ஃபாண்ட் ஒடுங்காது. ‘நோயாளி விவரங்களைச் சேர்க்க’ என்பதைப் பேனாவால் ஒரு பட்டனுக்குள் எழுதிவிடலாம், அதுவே நிஜத்தில் இரண்டு வரியாக உடையும். அதனால் திரைத் தலைப்புகளையும் பட்டன் எழுத்துகளையும் மட்டும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஃபாண்டில் அச்சடித்து வெட்டி ஒட்டுங்கள். பட்டை அளவில் 14 எஸ்பி (எழுத்தளவுக்கான ஆண்ட்ராய்டு அலகு) எழுத்து என்பது சுமார் 10 பாயிண்ட். மற்றதெல்லாம் கையெழுத்தாகவே இருக்கட்டும்.

வாங்க வேண்டியவை எல்லாம் ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும்: தடித்த சார்ட் அட்டை, நடுத்தர முனை கறுப்பு ஸ்கெட்ச் பேனா (பால்பாயிண்ட் வேண்டாம், தூரத்தில் தெரியாது), ஒட்டி எடுக்கக்கூடிய டேப், ஸ்டிக்கி நோட், நான்கைந்து ஓஹெச்பி ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்), வைட்போர்டு மார்க்கர், டிஷ்யூ. ஓஹெச்பி ஷீட்தான் இதில் முக்கியம். நோயாளி விவரத் திரையின் மேல் அதைப் போட்டுவிட்டால் பெயர், வயதை ஆட்கள் தாங்களே மார்க்கரால் எழுதலாம். அடுத்தவர் வருவதற்குள் துடைத்துவிடலாம். ஒவ்வொருவருக்கும் புதிதாக ஜெராக்ஸ் எடுக்கும் வேலை மிச்சம்.

டாக்டர் பட்டியல் போல நீளமாக உருளும் திரைக்கு, அட்டையில் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு கிடைக்கோட்டுப் பிளவுகளை வெட்டுங்கள். பிளவின் அகலம் 10.3 செ.மீ. இருக்கட்டும், 9.9-க்குச் சரியாக வெட்டினால் தாள் மடங்கிச் சிக்கும். இரண்டு மூன்று பட்டைகளை ஒட்டி நீளமாக்கி, கீழ்ப் பிளவில் வெளியே எடுத்து மேல் பிளவில் உள்ளே செருகி இழுத்தால் திரை உருளும். இதைச் செய்யாமல் நீளத் தாளை அப்படியே மேசையில் விரித்து வைப்பதுதான் பரவலாக நடக்கும் பிழை. பத்தாவது டாக்டர் பெயர் உருட்டாமலே கண்ணில் படுகிறது. உருட்ட வேண்டும் என்று ஆட்களுக்குத் தோன்றுமா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

கீபோர்டுக்கு 8 செ.மீ. உயரத்தில் ஒரு துண்டு. பெட்டியைத் தொட்டவுடன் அதைத் திரையின் அடிப்பாகத்தில் வைக்க வேண்டும். ‘தொடர்க’ பட்டன் கீபோர்டுக்கு அடியில் ஒளிந்துகொள்வதைக் காகிதத்திலேயே பிடித்துவிடலாம். கணினியில் வரையும் மாதிரிகளில் கீபோர்டை வைக்கவே மறந்துவிடுவதால், அங்கே இது தப்பிவிடுவது வழக்கம்.

பிழைச் செய்திக்கு நான்கைந்து வெற்றுத் துண்டுகள், ‘காத்திருக்கவும்’ என்று ஒரு துண்டு, கீழிறங்கும் பட்டியலுக்கு மடித்த தாள். எல்லாவற்றின் பின்பக்கத்திலும் 3அ, 3ஆ என்று எண் போட்டு, சோதனையில் செய்யச் சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபைலில் வையுங்கள். எட்டுத் திரைச் செயலிக்கு இப்படி முப்பது, நாற்பது துண்டுகள் எளிதாகச் சேரும். இரண்டு பேர் ஒரு நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

மேசையில் நடப்பது

மூன்று பேர் வேண்டும். ஒருவர் நடத்துபவர், அவர் மட்டுமே பேசலாம். ஒருவர் ‘கம்ப்யூட்டர்’, விரல் தொட்ட இடத்துக்கு ஏற்பத் திரையை மாற்றுவதே அவர் வேலை. ஒருவர் குறிப்பெடுப்பவர். இதில் கம்ப்யூட்டராக உட்காருபவர் வாயைத் திறக்கக் கூடாது. திரையை வரைந்தவரையே அங்கே உட்கார வைத்தால், ‘இல்ல சார், அது எதுக்குன்னா…’ என்று ஆரம்பித்துவிடுவார். அப்படி ஆரம்பிக்கும் இடங்களில்தான் வடிவமைப்பு ஓட்டையாக இருக்கும். ஆனால் விளக்கம் சொன்ன பிறகு அந்தச் சோதனையில் அந்த இடம் வீண்.

வேலையை இப்படிக் கொடுக்கலாம்: “உங்க அம்மாவுக்கு முழங்கால் வலி. வியாழக்கிழமை காலையில காட்டணும். இதுல ஏற்பாடு பண்ணுங்க. மனசுல என்ன ஓடுதோ அதச் சத்தமா சொல்லிக்கிட்டே பண்ணுங்க.” இதில் ‘டோக்கன்’ என்ற சொல்லோ ‘எலும்பு மூட்டுப் பிரிவு’ என்ற சொல்லோ இல்லை என்பதைக் கவனியுங்கள். திரையில் இருக்கும் சொல்லையே வேலைச் சீட்டில் எழுதிவிட்டால், ஆட்கள் அந்தச் சொல்லைத் தேடித் தொடுவார்கள். புரிந்து தொட்டார்களா என்பது தெரியாது.

முதல் திரையில் பிரிவுகளின் பட்டியல். விரல் ‘பொது மருத்துவம்’ மேல் போய் நிற்கிறது. பிறகு ‘எலும்பு மூட்டு’க்கு வருகிறது. டாக்டர், தேதி, நேரம் எல்லாம் தடையில்லை. நோயாளி விவரத் திரையில், கைபேசி எண்ணை வைத்து ஏற்கெனவே நிரப்பப்பட்ட பெயர். விரல் அந்தரத்தில் நிற்கிறது. “இது என் பேரு. அம்மா பேர எங்க போடறது?” என்று சோதனைக்கு வந்தவர் நடத்துபவரைப் பார்க்கிறார். நடத்துபவர், “நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்று மட்டும் கேட்கலாம். வந்தவர் அந்தப் பெயரின் மேலேயே தொடுகிறார். அங்கே தொடுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, துண்டும் இல்லை. கம்ப்யூட்டர் ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து, ‘எனக்கு / குடும்பத்தில் ஒருவருக்கு’ என்று எழுதி அங்கே வைக்கிறார். சோதனை தொடர்கிறது.

காகிதத்தின் நிஜமான பலம் இந்த இடம்தான். நாம் யோசிக்காத இடத்தில் தொட்டாலும் பதில் சொல்ல அங்கே ஒரு மனிதர் இருக்கிறார். ‘கைபேசிக்காரர்தான் நோயாளி’ என்ற தப்பான அனுமானம் மொத்தச் செயலிக்கும் அடியில் கிடந்தது. அது கோடாகி, டேட்டாபேஸ் அட்டவணைவரை இறங்கிய பிறகு தெரிய வந்திருந்தால் பழுது பார்க்கும் செலவே வேறு.

கம்ப்யூட்டர் செய்யும் தப்புகளில் முக்கியமானது, விரல் தொடும் முன்பே அடுத்த துண்டின் பக்கம் கை நீள்வது. அதைப் பார்த்தே ஆட்கள் சரியான பட்டனை ஊகித்துவிடுவார்கள். இரண்டாவது, மற்ற துண்டுகளை மேசையில் பரப்பி வைப்பது. மடியிலோ பக்கத்து நாற்காலியிலோ ஃபைலை வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ஒரு திரையை மட்டும் கலர் அடித்து அழகாக வரைவது. பேச்சு முழுக்க அந்தக் கலரைப் பற்றியே போகும். ஒரு சோதனைக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், நான்கைந்து வேலைகள், அதற்கு மேல் இழுக்காதீர்கள். வெளியாளை அழைக்கும் முன் அலுவலகத்திலேயே ஒருவரை வைத்து ஒத்திகை பார்க்காவிட்டால், பாதியில் துண்டு தேடித் தடுமாறுவது நிச்சயம்.

ஃபிக்மாவில் கிடைப்பது, தவறுவது

தொட்டால் நகரும் மாதிரியில் கம்ப்யூட்டருக்கு ஆள் தேவையில்லை. கைபேசியிலேயே நிஜ அளவில் ஓடும், இணைப்பை அனுப்பினால் மதுரையில் இருப்பவரும் சிங்கப்பூரில் இருப்பவரும் ஒரே நாளில் செய்து பார்க்கலாம், திரையைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆட்கள் ஒரே இடத்தில் கூட முடியாது என்றால் இதற்கு மாற்று இல்லை. காகிதத்தைக் கேமராவுக்கு அடியில் வைத்து வீடியோ அழைப்பில் நடத்தலாம் என்பார்கள். நடத்தலாம்தான், ஆனால் ‘அந்த மேல இருக்கிறதத் தொடறேன்’ என்று வாயால் சொல்ல வைத்தால் அது தொடுவதே ஆகாது.

ஃபிக்மாவின் பெரிய பலவீனம், நாம் இணைப்புக் கொடுத்த இடம் மட்டுமே உயிரோடு இருக்கும் என்பது. மேலே சொன்ன அம்மா உதாரணத்தில் பெயரைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. அதைவிட மோசம், இணைப்பில்லாத இடத்தைத் தொட்டால் இணைப்புள்ள இடங்கள் எல்லாம் நீலமாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். சோதனைக்கு முன் பார்வை அமைப்பில் அந்தக் குறிப்பை அணைத்துவிடுங்கள். இதை மறந்து நடத்திய சோதனையில், ‘எல்லாரும் பட்டனைக் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்ற முடிவுக்கு மதிப்பில்லை. அணைத்த பிறகும், இரண்டு முறை தொட்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஆட்கள் வேறு எது வேலை செய்கிறது என்று தட்டித் தேடத் தொடங்குவார்கள். அது செயலியைப் பயன்படுத்துவது அல்ல, புதிர் விளையாட்டு.

பெட்டிக்குள் எழுதுவதும் இங்கே தகராறுதான். வழக்கமான ஃபிக்மா மாதிரியில் பெட்டியைத் தொட்டால் முன்பே போட்டு வைத்த பெயர் வந்து உட்காரும். வயது கேட்கும் இடத்தில் பிறந்த தேதியை எழுதும் ஆட்கள் இதில் சிக்கமாட்டார்கள்; ஓஹெச்பி ஷீட்டில் சிக்குவார்கள். எழுத்து உள்ளீடு முக்கியம் என்றால் நிஜப் பெட்டிகள் கொண்ட ஆக்சர் போன்ற கருவிக்குப் போகலாம். ஆனால் அதைக் கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும்.

இன்னொன்று மனித சுபாவம். பளபளவென்று முடிந்த வேலையைப் போலத் தெரிவதைப் பார்த்து, ‘அடிப்படையே சரியில்லை’ என்று சொல்ல வெளியாட்களுக்குக் கூச்சம். நிறத்தையும் எழுத்தளவையும் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்வார்கள். டீமுக்கோ அதைத் தூக்கிப்போட மனம் வராது. இப்போது ஒரு பத்தி எழுதிக் கொடுத்தால் ஓடும் திரையையே தந்துவிடும் ஏஐ கருவிகள் வந்த பிறகு இந்த ஆபத்து இன்னும் கூடிவிட்டது. அவை தரும் திரையில் யாரும் எடுக்காத முடிவுகள் பல ஒளிந்திருக்கும். யாரோ யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டுக்கும் நடுவில், வரைந்த காகிதத் திரைகளைப் படமெடுத்துக் கைபேசியில் இணைத்து ஓட்டும் வழி ஒன்று உண்டு. கையெழுத்தின் கூச்சமின்மை கிடைக்கும், வெற்றுச் சீட்டில் உடனே எழுதிப் போடும் வசதி போய்விடும். எனக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லை.

கோடு எழுதியே ஆக வேண்டிய இடங்கள்

ஓடிபி ஒன்று போதும் உதாரணத்துக்கு. குறுஞ்செய்தி வரும் வரை காத்திருப்பது, செயலியை விட்டு வெளியே போய் எண்ணைப் பார்ப்பது, திரும்பி வரும்போது எழுதியது எல்லாம் அழிந்திருப்பது, நேரம் தீர்ந்து மறுபடி கேட்பது ஆகிய எதையும் காகிதத்திலோ ஃபிக்மாவிலோ சோதிக்க முடியாது. பணம் கட்ட யூபிஐ செயலிக்குத் தாவித் திரும்புவதும் அப்படியே. ‘பணம் போய்விட்டதா, டோக்கன் விழுந்ததா’ என்ற பதற்றம் நிஜத் தாமதத்தில்தான் தெரியும். திரை பதில் சொல்ல ஒரு நொடிக்கு மேலானால் ஆட்களின் எண்ண ஓட்டம் அறுபடும், பத்து நொடியைத் தாண்டினால் கவனமே போய்விடும் என்பது இத்துறையில் பழைய அளவுகோல். கம்ப்யூட்டராக இருப்பவர் துண்டு மாற்றவே ஐந்து நொடி எடுப்பார்; ஆகவே வேகத்தைப் பற்றிய பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பார்வையற்றவர்களை வைத்துச் சோதிக்க வேண்டும் என்றால் திரையை வாய்விட்டுப் படிக்கும் ஆண்ட்ராய்டு வசதியான டாக்பேக் படிக்கக்கூடிய நிஜக் கோடு வேண்டும். முந்நூறு டாக்டர்கள் உள்ள பட்டியலில் தேடுவது, தமிழில் தட்டச்சு செய்து தேடும்போது எழுத்துப் பிழையோடு எழுதுவது போன்றவற்றுக்கும் நிஜத் தரவு தேவை. முழுச் செயலியையும் எழுத வேண்டியதில்லை. சோதிக்க வேண்டிய ஒன்றிரண்டு திரையை மட்டும் தனியாக, தூக்கியெறியப்போகிற கோடாக எழுதுங்கள். ‘அப்படியே வெச்சுக்கலாமே’ என்று மேனேஜர் கேட்பார். சம்மதித்தால், அவசரத்தில் எழுதியது ஐந்து வருடம் உங்களோடு குடியிருக்கும்.

குரல்வழிச் சேவை, சாட்பாட் வகைக்கு மட்டும் வேறு வழி. மறைவில் ஒரு மனிதர் உட்கார்ந்து இயந்திரம் போலப் பதில் சொல்வது. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜான் கூல்டும் சகாக்களும், பேசினால் எழுதும் தட்டச்சு இயந்திரத்தை இப்படித்தான் சோதித்தார்கள். பேச்சை எழுத்தாக்கியது இன்னோர் அறையில் இருந்த தட்டச்சர். காகித மேசையில் எதிரே தெரியும் ‘கம்ப்யூட்டர்’ இங்கே திரைக்குப் பின்னால் போய்விடுகிறார்.

அப்படியானால் எதை எடுப்பது?

என்ன செய்யப்போகிறோம் என்பதே தெளிவாகாத தொடக்க வாரங்களில், அதிலும் செயலியைப் பயன்படுத்தப்போவது வரவேற்பு மேசை ஊழியர், நர்ஸ், மருந்தாளர் போல வேலை அறிந்தவர்களாக இருந்தால், காகிதத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பேனாவை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம். ஃபிக்மாவை அப்படிக் கொடுக்க முடியாது. 1981 முதல் 1985 வரை ஸ்காண்டிநேவியாவில் நடந்த உடோப்பியா திட்டத்தில் அச்சுத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பத்திரிகைப் பக்க வடிவமைப்புக்கான கணினி எப்படி இருக்க வேண்டும் என்று தேடியபோது, ‘லேசர் பிரிண்டர்’ என்று எழுதிய காலி அட்டைப்பெட்டி ஒன்றே பிரிண்டராக வேலை செய்தது.

சொல் மாற்றத்துக்கும் காகிதம்தான். ‘சமர்ப்பி’யைப் பார்த்து இரண்டு பேர் தயங்கினால், அடுத்தவர் வருவதற்குள் அதன் மேல் ‘டோக்கன் போடு’ என்று எழுதி ஒட்டிவிடலாம்.

திரைகளின் வரிசை முடிவாகி, ‘திரும்பிப் போகத் தெரிகிறதா, மெனு கண்ணில் படுகிறதா’ என்ற கட்டத்தில் ஃபிக்மா. ஆட்கள் வெவ்வேறு ஊரில் இருந்தாலும், மேலிடத்தில் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தாலும் அதுவே. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் ஒரு சிறு மாற்றம் என்றால் காகிதம் வீண் வேலை. இருக்கும் திரைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மாறும் பகுதியை மட்டும் ஃபிக்மாவில் போட்டுவிடுங்கள்.

எத்தனை பேரை அழைப்பது என்ற கேள்வியும் கருவியைப் பொறுத்து மாறும். ஐந்து பேர் போதும் என்று எல்லாரும் சொல்வது 1993-இல் நீல்சன், லாண்டாவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் போட்ட கணக்கிலிருந்து வந்தது: ஒருவர் சராசரியாக 31 சதவீதப் பிரச்சினைகளைக் காட்டுவார் என்றால், ஐந்து பேர் சுமார் 85 சதவீதத்தைக் காட்டிவிடுவார்கள். அந்த 31 அவர்கள் பார்த்த திட்டங்களின் சராசரி. உங்கள் செயலிக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. காகிதத்தில் ஐந்து பேரை மாற்றாத அதே திரைக்கு முன் உட்கார வைப்பது வீண். மூன்று பேர், திருத்தம், மறுபடி வேறு மூன்று பேர் என்று போங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் இடையில் அரை மணி நேரம் விட்டால் துண்டுகளை மாற்றிவிடலாம். மாற்றும் முன் பழைய திரையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து, தேதியையும் மாற்றியதன் காரணத்தையும் அதிலேயே எழுதி வையுங்கள். இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து, கைவிட்ட அதே யோசனையை யாராவது புதிதுபோலக் கொண்டு வருவார்கள்.

காகிதத்தை எப்போது மூடி வைப்பது என்பதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. தொடர்ந்து இரண்டு பேர் வந்துபோன பிறகும் வெற்றுச் சீட்டை எடுத்து எழுத வேண்டிய அவசியம் வரவில்லை, வரும் புகார்களும் ‘எழுத்து சின்னதா இருக்கு’, ‘இது எவ்வளவு நேரம் சுத்தும்?’ என்ற ரகமாகவே இருக்கின்றன என்றால், ஃபைலைக் கட்டிவிட்டுக் கைபேசிக்கு மாறுங்கள். காகிதத்தால் பதில் சொல்ல முடியாத கேள்விகளை ஆட்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.